தாழ்வாரத்தில் ஒரு காசிமேடு

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் ஷேர் ஆட்டோ. மே மாத வெயில். அக்கா மகள் ஐந்து வருட பி.ஆர்க். கட்டடக்கலைப் படிப்பை முடிக்கிறாள், கடைசி வருட டிசைன் வேலையான தீசிஸைக் கண்காட்சி வைத்திருக்கிறாள், தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? கல்லூரியின் பெயர் மட்டும் வேண்டாம்.

வாசலுக்கு நேரே கண்ணாடிக் கதவு போட்ட கண்காட்சிக் கூடம். ஏசி உண்டு, ஸ்பாட் லைட் உண்டு, பெரிய பூட்டும் உண்டு. சாவி வைத்திருப்பவர் லீவாம். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டிப் போட்ட பழைய பேனர்.

"அது விஐபி வந்தாத்தான் மாமா. நம்மளது மாடியில" என்றாள்.

மாடித் தாழ்வாரம் முழுக்க சாஃப்ட் போர்டு. வருடக்கணக்காகக் குத்திய பின் ஓட்டைகளால் அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. அதன்மேல் வரிசையாக ஏ1 ஷீட்கள். ஒவ்வொன்றும் 59.4 செ.மீ.க்கு 84.1 செ.மீ. கடற்காற்றின் ஈரத்தில் ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. ஃபேன் போட்டால் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்று அதை அணைத்துவிட்டு எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்கு வடக்குப் பக்கத்திலிருந்து வெயில் சரிந்து ஷீட்மேல் விழுந்தது. வடக்கு வெளிச்சம்தான் படம் பார்க்க நல்லது, கண் கூசாது என்பார்கள். அது ஐரோப்பியக் கணக்கு. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயிலே நமக்கு வடக்கே போய்விடுகிறது. தீசிஸ் காட்சியோ சரியாக மே மாதம்!

எழும்பூர் கவின் கலைக் கல்லூரிக் காட்சிகளுக்குச் சில முறை போயிருக்கிறேன். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. அங்கே சுவரில் மாட்டியிருப்பதுதான் சரக்கு. பிடித்திருந்தால் நின்று பார்க்கலாம், இல்லையென்றால் நகரலாம். இங்கே மாட்டியிருப்பது வேறெங்கோ நிற்கவேண்டிய கட்டடத்தைப் பற்றிய பேச்சு. பக்கத்தில் ஆள் நின்று சொன்னால்தான் புரிகிறது, எதிர்க்கேள்வி கேட்டால்தான் ருசிக்கிறது. அகமதாபாத்தில் கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி 1960களில் கட்டிய கட்டடக்கலைப் பள்ளியில், ஸ்டூடியோக்களுக்குக் கீழே தரைத்தளத்தைத் திறந்தே விட்டிருக்கிறார். போகிற வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அப்படித்தான் இடம் விட வேண்டும்.

சரி, அவள் மாடலுக்கு வருகிறேன். வடசென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு ஒரு மீன் ஏலக்கூடம். 1:100 அளவு. பாக்ஸ் போர்டை மடித்துச் செய்த கூரை, பால்சா குச்சித் தூண்கள், ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரத்தில் அட்டை மனிதர்கள். ஒருத்தி தலையில் கடுகளவு கூடை. "மேலேருந்து பாக்காதீங்க, குனிஞ்சு அவ கண்ணுக்கு நேரா பாருங்க" என்றாள். குனிந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் கூரைக்கடியில் வெளிச்சம் பட்டை பட்டையாக இறங்குவது தெரிந்தது.

மதிப்பிட வந்த ஜூரி காலையிலேயே பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். "நல்லாருக்கு, இன்னும் டெவலப் பண்ணலாம்னு சொன்னாங்க." அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு ஓர் அம்மா துடைப்பத்தோடு வந்தார். மேசைக்கடியில் பெருக்க வழியில்லாமல் நின்றவர், அட்டைக் கூடைக்காரியை உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, காசிமேடா?"

"ஆமாக்கா."

"என் பொறந்த வூடு அங்கதான். இப்பதான் கண்ணகி நகர்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகு பிடித்துக்கொள்ள நான் குனிந்ததைவிட சுலபமாகக் குனிந்தார். ஒரு சுற்று பார்த்தார். "ஐஸ் வண்டி எங்க வந்து நிக்கும்?"

அக்கா மகள் ஷீட்டைப் பார்த்தாள், மாடலைப் பார்த்தாள். பதில் வரவில்லை.

"மீன் எறங்கசொல்ல ஐஸும் வரணும்ல. இந்தத் தூணாண்ட லாரி திரும்பாதே."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்தத் தூணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். "அக்கா, செத்த இருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். எனக்கு ஸ்டூல் கிடைக்கவில்லை.