கிளவுஸை விடுங்க, கிரிப்பை மாத்துங்க

கிருஷ்ணகிரி வெயிலில் ஏப்ரல், மே சாயங்காலம் டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், இரண்டு கேம் முடிவதற்குள் உள்ளங்கை நனைந்து, சர்வீஸ் போடும்போது ராக்கெட் கைக்குள் சுழலும். உடனே யாராவது "கிளவுஸ் மாட்டுங்க சார்" என்பார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்.

விதியில் கிளவுஸுக்குத் தடை இல்லை. ஆனால் டென்னிஸ் பிடி உருண்டையானது அல்ல, எட்டுப் பட்டை. ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கோ, பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கோ மாறும்போது அதைக் குனிந்து பார்க்க நேரமில்லை, விரல்தான் பட்டையைத் தடவிக் கண்டுபிடிக்கிறது. நடுவில் ஒரு தோல் வந்துவிட்டால் அந்த உணர்வு மங்கிப்போகும். கோல்ஃபில் போடுகிறார்களே என்று கேட்கலாம். அவர்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நின்று நிதானமாகப் பிடிக்க நேரம் இருக்கிறது. அதுபோக, நம் ஊர் வேர்வைக்கு ஒரு செட்டுக்குள் கிளவுஸே ஊறிப்போய்விடும்.

இதற்கு வழி, பிடியின் மேல் சுற்றும் மெல்லிய நாடாவான ஓவர்கிரிப். அதில் முக்கியமாக இரண்டு ரகம். வில்சன் ப்ரோ மாதிரி தொட்டதும் ஒட்டுவது ஒன்று. டோர்னா கிரிப் மாதிரி வறண்டது இன்னொன்று. அந்த வெளிர்நீல நிறம்தான், டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸ் சுற்றியிருந்தது. புதிதாகத் தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும், ஈரம் பட்ட பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். கை ரொம்ப வேர்க்கிறதா, இதுதான் சரி. என்ன, சீக்கிரம் நைந்து கிழியும்.

உள்ளூர்க் கடையில் ஷட்டில் சாமான்தான் கிடைக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். யோனெக்ஸ் சூப்பர் கிராப் இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றுதான், 0.6 மில்லிமீட்டர் தடிமன். கூரான முனையை அடிப்பக்கம் வைத்து, லேசாக இழுத்து, ஓரம் கொஞ்சமாக ஏறும்படி மேலே சுற்றிக்கொண்டு போங்கள். ஒரு சுற்றுக்கே பிடி ஏறக்குறைய அரை சைஸ் கூடிவிடும். பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதிதைச் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். பட்டை மழுங்கி, கிளவுஸ் போட்ட மாதிரிதான் ஆகும்.

அந்தக் காலத்து டென்னிஸ் வீரர் இவான் லெண்டல், கை வழுக்காமலிருக்க பாக்கெட்டில் மரத்தூள் வைத்துக்கொண்டு ஆடினார். நம் கோர்ட்டில் அதைச் செய்தால் பெருக்குகிற அக்கா சும்மா விட மாட்டார்.

கொப்புளம் உடைந்து, ஆடியே ஆக வேண்டும் என்றால் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. மற்ற நாட்களில் கிரிப்போடு ஒரு ரிஸ்ட் பேண்டும் வாங்குங்கள், கையிலிருந்து வழிந்து இறங்கும் வேர்வையை எந்தக் கிரிப்பும் தாங்காது.