ஃபுஷிமியில் சாகே

கியோட்டோ போனால் தெற்கே ஃபுஷிமிக்கும் கட்டாயம் போய்விடுங்கள். 1637-ல் தொடங்கிய கெக்கெய்கான் சாகே (ஜப்பானிய அரிசி மது) நிறுவனம் இந்த ஊர்தான். பழைய மதுக்கூடம் இப்போது அருங்காட்சியகம். முற்றத்துக் கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்க்கலாம், அத்தனை மென்மை! கோபே பக்கம் நாடாவில் கடினநீர், அதனால் அங்கே சாகே சற்று விறைப்பு. இங்கே தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

எனக்குப் பிடித்தது தாய்கின்ஜோ என்ற சாகே வகை. அரிசியில் பாதியையாவது தீட்டித் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் வெள்ளை நடுப்பகுதியில் மட்டும் காய்ச்சுகிறார்கள். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனாலே முலாம்பழ வாசனை. அரிசி, தண்ணீர், கோஜிப் பூஞ்சை, ஈஸ்ட், இவ்வளவிலிருந்து இந்த மணமா! அசந்துபோனேன்.

வாங்கும்போது ஒன்று: சூடேற்றிப் பதப்படுத்தாத நாமாசாகேவைக் குளிரிலேயே வைக்க வேண்டும். அதை அங்கேயே குடித்துவிடுங்கள். ஊருக்கு வேறு புட்டி எடுங்கள்.