ஆகாயப்படை விமானி எப்படித் தளபதி ஆகிறார்?

பிள்ளை சிங்கப்பூர் ஆகாயப்படையில் விமானி ஆக வேண்டும் என்றால், நம் வீடுகளில் பேச்சு சம்பளத்தோடும் கண்பார்வையோடும் நின்றுவிடுகிறது. பயிற்சி முடித்து விங்ஸ் என்ற விமானிச் சின்னம் வாங்கிய பிறகு வரும் இருபது ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தொடக்கப் பாதை பலருக்கும் தெரிந்ததே. சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகத்தில் அதிகாரிப் பயிற்சி, ஆஸ்திரேலியாவில் பறக்கும் தகுதியைப் பார்க்கும் தேர்வுப் பறப்பு, அங்கேயே பெர்த்துக்கு வடக்கே பியர்ஸ் தளத்தில் பிசி-21 பயிற்சி விமானம். போர்விமானத்துக்குத் தேர்வானவர்கள் அடுத்து பிரான்சின் கஸோ தளத்தில் எம்-346 என்ற ஜெட் பயிற்சி விமானம் ஓட்டுவார்கள். எஃப்-15எஸ்ஜி போர்விமானம் என்றால் அமெரிக்காவின் மவுண்டன் ஹோம் தளமும் உண்டு. சாங்கி விமான நிலையப் போக்குவரத்துக்கு நடுவே இங்கே போர்ப்பயிற்சிக்குப் போதுமான வான்வெளி கிடையாது. அதனால்தான் இத்தனை நாடுகள்.

உடம்பின் சோதனை ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல் பல மடங்காக உடம்பை அழுத்தும் விசையில், இருக்கிறது. எஃப்-16 போர்விமானம் திரும்பும்போது 9 ஜி வரை போகலாம். 70 கிலோ உடம்பு 630 கிலோபோல் அழுத்தும். ரத்தம் தலையிலிருந்து இறங்க, முதலில் நிறம் மங்கும், பார்வை சுருங்கும், பிறகு நினைவு தப்பும். கால்களையும் வயிற்றையும் அழுத்தும் ஜி-சூட் உடை உதவும், ஆனால் தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடித்து, ஏறத்தாழ 3 விநாடிக்கு ஒருமுறை சட்டென்று மூச்சை மாற்றுவது விமானியின் வேலை. விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை இழுத்த பிறகு உடம்பை இறுக்குவதுதான் வழக்கமான தவறு. இறுக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். மூச்சை முழுக்க விட்டுவிட்டால் நெஞ்சுக்குள் அழுத்தம் விழுந்து, ரத்தம் மேலே ஏறாது. தண்ணீர் குடிக்காமலோ தூங்காமலோ வந்தால் நேற்றுத் தாங்கிய ஜி இன்று தாங்காது.

ஆனால், அதிகாரி உருவாகும் இடம், பறந்து வந்த பின் அதை அலசும் டீபிரீஃப் அறை என்றே சொல்வேன். ஒரு மணி நேரம் பறந்ததைப் பிரித்துப் பேச இரண்டு மூன்று மணி நேரம் போகும். பதிவுகளை ஓடவிட்டு, எந்த விநாடியில் யார் எந்த உயரத்தில் இருந்தார் என்று பார்ப்பார்கள். அங்கே பதவி உயர்வு தாழ்வுக்கு இடமில்லை. மேஜரின் பிழையை லெஃப்டினண்ட் சுட்டிக்காட்டலாம். "ரேடாரில் இலக்கு தெரியவில்லை" என்பது பதிலாகாது. ஆன்டெனா எந்த உயரத்தைத் தேடியது? அந்த உயரத்தை யார் பிரித்துக் கொடுத்தார்? பறக்கும் முன் நடந்த பிரீஃபிங்கிலேயே அது சொல்லப்படவில்லையா? வேர் கிடைக்கும்வரை கேள்வி ஓயாது.

தலைவரைப் பின்தொடர்ந்து பறக்கும் விங்மேன், பிறகு இரண்டு விமானங்களுக்குத் தலைவர், நான்குக்குத் தலைவர், பயிற்றுநர் என்று வானில் ஒரு ஏணி. கேப்டன், மேஜர், ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவை நடத்தும் லெஃப்டினண்ட் கர்னல் என்று தரையில் இன்னொன்று. இடையில் ராணுவ அதிகாரிகளுக்கான கோ கெங் சுவீ கல்லூரியில் படிப்பு, தலைமையகத்தில் திட்டப் பணி. மேலே போகப்போகப் பறக்கும் நேரம் குறையும். சேரும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போர்விமானியான இங் சீ மெங் 2009இல் ஆகாயப்படைத் தளபதியாகவும் 2013இல் தற்காப்புப் படைத் தலைவராகவும் ஆனார். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தால் வேலை முடிவெடுப்பதுதான்.

என்ன மாதிரி முடிவு? 2024 மே 8இல் சிங்கப்பூரின் தெங்கா தளத்தில் ஓர் எஃப்-16 புறப்பட்ட உடனே கட்டுப்பாட்டை இழந்து தளத்துக்குள்ளேயே விழுந்தது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர்தப்பினார். மூக்கு மேலும் கீழும் அசையும் வேகத்தை அளக்கும் முதன்மை ஜைரோஸ்கோப் கருவிகள் 3. அவற்றில் 2 ஒரே நேரத்தில் பழுதாகி, ஒரே மாதிரியான தவறான அளவைக் கொடுத்தன. விமானத்தை இயக்கும் கணினி அந்த இரண்டையும் நம்பி, மூன்றாவது சொன்ன சரியான அளவைத் தள்ளிவிட்டது. ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் காப்பாற்றும் என்ற கணக்கு, இரண்டு ஒன்றாகக் கெடும்போது திரும்பிக் கடிக்கிறது. எஃப்-16 பறப்பு நிறுத்திவைக்கப்பட்டு, மற்ற விமானங்களின் ஜைரோஸ்கோப்கள் சோதிக்கப்பட்ட பிறகே பயிற்சி மீண்டும் தொடங்கியது.