மொத்தமாக அணைப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

மதுரையில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்தில் ஒன்பது கணினிகள் இருக்கின்றன. எல்லாமே விண்டோஸ் 10, நான்கு ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். காலையில் கடை திறப்பது மாதிரி முதலில் வந்து அலுவலகத்தைத் திறக்கும் அக்காதான் எல்லாவற்றையும் ஆன் செய்வார். "ஆன் பண்ணிட்டு, வாசல்ல தண்ணி தெளிச்சு, சாமி படத்துக்குப் பூ வச்சுட்டு வந்து உக்காந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு தம்பி" என்று ஒருநாள் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பதினான்கு ஐகான்கள். பிரிண்டர்காரர் போட்டது மூன்று, ஸ்கேனருடன் வந்தது இரண்டு, எப்போதோ ஒரு வீடியோ கூட்டத்துக்காக இறக்கியது, அப்புறம் யாருக்குமே தெரியாத சில. எல்லாம் கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கி அதை மெதுவாக்கும் புரோகிராம்கள்.

ஒரு கணினி என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்டப் பக்கத்தில் வேண்டாததை டிஸேபிள் செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அங்கே ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களின் பட்டியலும் அப்படித்தான், ஒவ்வொன்றையும் திறந்து, ஸ்டார்ட்டப் வகையை மாற்றி, ஓகே கொடுத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்பது கணினிகளுக்கு இதைச் செய்தால் ஒரு நாள் போய்விடும். அதனால் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு எழுதி ஒரே அடியாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன், அங்கேதான் தப்பு செய்தேன்.

இணையத்தில் கிடைத்த 'தேவையில்லாத சர்வீஸ்கள்' பட்டியல் ஒன்றை அப்படியே எடுத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட சர்வீஸ்களை ஒன்பது கணினிகளிலும் டிஸேபிள் செய்தேன். வேகம் கூடியது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்த மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய நாள், ஆடிட்டர் சார் போன் செய்தார். "தம்பி, டோக்கன் எந்த மெஷின்லயும் எடுக்க மாட்டேங்குது." பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம், ஓடிபி வைத்துச் சமாளிக்க முடியாது. போய்ப் பார்த்தால் அந்தக் கையெழுத்துச் சான்றிதழை வைத்திருக்கும் யுஎஸ்பி டோக்கனில் சின்ன விளக்கு எரிகிறது, ஆனால் கையெழுத்துப் போடும் பெட்டியில் சான்றிதழ் பட்டியல் காலி. டோக்கன்தான் போய்விட்டது என்று அவர் வேறு இரண்டு கம்பெனிகளின் டோக்கனையும் செருகிப் பார்த்திருக்கிறார். எதுவும் எடுக்கவில்லை.

காரணம் ஸ்மார்ட் கார்டு என்ற சர்வீஸ். விண்டோஸைப் பொறுத்தவரை அந்த டோக்கன் ஒரு ஸ்மார்ட் கார்டு. வீட்டில் கேம் விளையாடுகிறவருக்கு அந்த சர்வீஸ் எதற்குமே தேவையில்லை, பட்டியல் போட்டவர் அப்படி ஒருவராக இருந்திருக்கலாம். இங்கே பிழைப்பே அதை நம்பித்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் மொத்தமாகச் செய்தால் தப்பும் மொத்தமாகவே போய்ச் சேருகிறது. ஒரு கணினியில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பக்கத்துக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்பதையும் ஒரே மாதிரி மாற்றிவிட்டதால் ஒப்பிட ஒரு நல்ல கணினிகூட மிச்சமில்லை, முன்பு எந்த சர்வீஸ் எந்த நிலையில் இருந்தது என்று எழுதியும் வைக்கவில்லை. கடைசியில் என் மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு பட்டியலையும் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்து பிடித்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்கிற முறையே வேறு. எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் எல்லா சர்வீஸ்களின் பெயரையும் ஸ்டார்ட்டப் வகையையும் எக்ஸெலில் திறக்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுத்து, தேதியும் கணினி எண்ணும் போட்டு வைத்துக்கொள்கிறேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் 5.1இல் வழக்கமான சர்வீஸ் கட்டளை, ஆட்டோமேட்டிக்கையும் தாமதமாகத் தொடங்கும் ஆட்டோமேட்டிக்கையும் பிரித்துக் காட்டாது, இரண்டுக்கும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்லும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பார்த்தால் காரணம் புரியும். ஆட்டோமேட்டிக் என்றால் 2, மேனுவல் என்றால் 3, டிஸேபிள் என்றால் 4. தாமதத் தொடக்கத்துக்கும் அதே 2தான், தாமதம் என்பது தனியாக இன்னொரு மதிப்பில் இருக்கிறது. அதனால் விண்டோஸிடம் தகவல் கேட்கும் இன்னொரு வழியான டபிள்யூஎம்ஐ மூலம் கேட்டு அந்தத் தாமதக் குறிப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்று முன்பைவிட மெதுவாகிவிடும்.

அடுத்தது, டிஸேபிள் செய்வதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். மேனுவலில் போட்டால் தானாகத் தொடங்காது, ஆனால் தேவைப்படும் புரோகிராம் கேட்டால் எழுந்துகொள்ளும். டிஸேபிளில் போட்டால் யார் கேட்டாலும் எழாது. ஸ்மார்ட் கார்டு சர்வீஸ் மேனுவலில் இருந்திருந்தால் டோக்கனைச் செருகியதும் விண்டோஸே அதைத் தொடங்கியிருக்கும், அந்த 20ஆம் தேதி சாதாரணமாகப் போயிருக்கும். மைக்ரோசாஃப்டின் சர்வீஸ்களை இப்போது நான் தொடுவதே இல்லை. விண்டோஸோடு வருகிற எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்க ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்தால் மிச்சம் நிற்பவைதான் வெளியிலிருந்து வந்தவை. இந்த அலுவலகத்தில் அது ஒரு கணினிக்குப் பதினைந்துக்குள்தான் வந்தது. நாற்பதோடு மல்லுக்கட்டியிருக்கவே வேண்டாம்.

ஆனால் உண்மையான குப்பை நிறைய வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜர் காட்டுவது ஸ்டார்ட்டப் கோப்புறை, ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதி என்று சில இடங்களைத்தான். அப்டேட் பார்க்கிறேன் என்று எட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் பெரும்பாலும் வேலைகளை நேரம் பார்த்து ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற புரோகிராம் வேண்டும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெலும் எழுதியது, 2006இல் அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியதிலிருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவ வேண்டியதில்லை, பென் டிரைவில் வைத்தே ஓட்டலாம். அதிலும் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிட்டுப் பாருங்கள். மஞ்சளாகத் தெரியும் வரிகளில் புரோகிராம் எப்போதோ போய்விட்டது, அழைப்பு மட்டும் மிச்சம். வேண்டாத வரியின் டிக்கை எடுத்தால் போதும், அழிக்க வேண்டாம், மறுபடி டிக் செய்தால் திரும்ப வந்துவிடும். வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஒன்றைத் தப்பாக எடுத்தால் கணினி எழாமலே போகலாம்.

மாற்றிய பிறகு சோதிக்கும்போது பலர் ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்கிறார்கள். விண்டோஸ் 8இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கிறது, அது இயங்கிக்கொண்டிருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் சர்வீஸ்களையும் டிஸ்கில் உறைய வைத்துவிட்டுத்தான் அணையும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் சர்வீஸ்கள் முதலிலிருந்து தொடங்கும். வேகத்தையும் உத்தேசமாகச் சொல்லத் தேவையில்லை. விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் பதிவில் 100 என்ற எண்ணுள்ள நிகழ்வு, பூட் ஆக எடுத்த நேரத்தை மில்லி நொடியில் எழுதி வைத்திருக்கும். இழுத்தடித்த புரோகிராம் 101இலும் சர்வீஸ் 103இலும் பெயரோடு இருக்கும். டாஸ்க் மேனேஜர் 'ஹை' என்று காட்டுவதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், தொடங்கும்போது ஒரு நொடிக்கு மேல் பிராசஸரையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்கையோ எடுத்தாலே அதற்கு 'ஹை'தான்.

இரண்டாவது முறை மூன்றாம் எண் கணினியில் மட்டும் மாற்றங்களைச் செய்துவிட்டு ஒரு முழு மாதம் விட்டேன். டிடிஎஸ், ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் அச்சடிப்பது, ஸ்கேனர் எல்லாம் ஒரு சுற்று ஓடி முடிந்த பிறகே அதே கோப்பை மற்ற எட்டிலும் ஓட்டினேன். நாலு நிமிடம் பிடித்த கணினி இப்போது ஒன்றரை நிமிடத்தில் கையில் வருகிறது. ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் இன்னும் குறையும், அதற்கு சாரிடம் கேட்டிருக்கிறேன்.

ஆட்டோரன்ஸில் அன்றைய நிலையைச் சேமித்து வைத்திருக்கிறேன். போன வாரம் ஐந்தாம் எண் கணினியில் பிரிண்டர் மாற்றினார்கள் என்று அக்கா சொன்னதும் போய் ஒப்பிட்டுப் பார்த்தேன், பச்சையாக மூன்று புது வரிகள் வந்திருந்தன. இங்க் அளவு காட்டுவது ஒன்று, அப்டேட் பார்ப்பது ஒன்று, ஸ்கேன் பொத்தானுக்கு ஒன்று. ஸ்கேன் பொத்தானை அக்கா தினமும் அழுத்துகிறார், அதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் டிக்கை எடுத்தேன்.