டேங்க் சத்தம் ஓய்ந்த சீசன்: பொனேர் நாட்குறிப்பு

செப்டம்பர் 21, 2008, ஞாயிறு

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலாகி ஆறு நாள் ஆகிறது. கரீபியக் கடலின் டச்சுத் தீவான பொனேரின் தலைநகர் கிராலெண்டைக்கில், கடற்கரைச் சாலையில் டைவர்களின் காற்று டேங்க் ஏற்றிய பிக்-அப் வண்டிகள் வழக்கம்போல ஓடுகின்றன. இதைப் பார்த்துவிட்டு நமக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடக் கூடாது. டைவிங் தீவுக்குப் பொருளாதார மந்தம் தாமதமாகத்தான் வந்து சேரும். இப்போது இங்கே இருப்பவர்கள் பல மாதம் முன்பே பணம் கட்டியவர்கள். அடுத்த சீசனுக்கு யார் பணம் கட்டத் தயங்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது குழுப் பதிவுகளை. அமெரிக்க ஊர்களில் இருக்கும் சிறிய டைவ் கடைகள் வருடம் ஒருமுறை தங்கள் வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு வரும். இத்தனை பேர் பணம் கட்டினால் கூட்டிவருபவருக்கு ஓர் இடம் இலவசம் என்பது ஏற்பாடு. எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எட்டில் இரண்டு பேர் பின்வாங்கினால் இலவச இடம் போய்விடும். கூட்டிவருபவர் கைக்காசு போட்டு வரமாட்டார், பயணத்தையே ரத்து செய்துவிடுவார். இரண்டு பேருக்கு வேலை போனால் நாம் இழப்பது ஒன்பது பேரை.

அதனால் செய்ய வேண்டிய முதல் வேலை விலைக் குறைப்பு அல்ல. ஜனவரி, பிப்ரவரி குழுக்களின் பொறுப்பாளர்களை இப்போதே தொலைபேசியில் பிடித்து, எட்டுக்கு ஒன்று என்பதை ஆறுக்கு ஒன்று ஆக்கித் தருவதாகச் சொல்ல வேண்டும். முழுப் பணம் கட்ட வேண்டிய கெடு பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நாள் முன்னால் வரும். அது தாண்டினால் பேச ஒன்றும் இருக்காது.

அக்டோபர் 19, 2008, ஞாயிறு

ஓமர் புயல் வடக்கே கடந்து போய்விட்டது. பொனேர் 12 டிகிரி வடக்கில் இருக்கிறது, புயல்கள் நேராக இங்கே வருவது அரிது. கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றைத் தீவே மறைத்துக்கொள்வதால் மேற்குக் கரை குளம்போல இருக்கும். வண்டியை நிறுத்தி, மஞ்சள் வண்ணக் கல்லில் டைவிங் இடத்தின் பெயரைப் பார்த்து, அப்படியே நடந்து கடலில் இறங்க முடிவது அதனால்தான். வடக்கே புயல் போகும்போது மட்டும் அலை திசைமாறி மேற்கிலிருந்து அடிக்கும். 1999 நவம்பரில் லென்னி புயல் வந்தபோதும் இதே கதைதான்.

படகுத்துறையை அலை பக்கவாட்டில் தள்ளி உடைப்பதைவிட அடியிலிருந்து தூக்கித்தான் அதிகம் உடைக்கும். மேல்பலகைகளைச் சட்டத்தோடு இறுக அடித்துவிட்டால் பலகையைத் தூக்கும் அலை சட்டத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். பலகைகளைக் கழற்றக்கூடிய தட்டுகளாகச் செய்து, எச்சரிக்கை வந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட்டால் தூண்களாவது மிஞ்சும். திரும்பக் கட்டுபவர்கள் இந்த முறை அப்படிக் கட்ட வேண்டும். வரவு குறையப்போகும் வருடத்தில் இன்னொரு துறைக்குப் பணம் புரளாது.

ஆழம் குறைந்த இடங்களில் பவளப் பாறைகள் தலைகீழாகப் புரண்டு கிடக்கும். வெளிச்சம் படாத பக்கம் சில வாரங்களில் செத்துவிடும். நிமிர்த்தி முட்டுக்கொடுத்தால் பிழைக்கும். ஆனால் கடல் பூங்காவில் பவளத்தைத் தொடவே தடை. பூங்காவை நடத்தும் ஸ்டினாப்பா அமைப்பின் அனுமதியோடு பழகிய கைகள்தான் செய்ய வேண்டும்.

டிசம்பர் 2, 2008, செவ்வாய்

அமெரிக்காவில் மந்தம் 2007 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது என்று அங்குள்ள பொருளாதார ஆய்வு அமைப்பு நேற்று அறிவித்திருக்கிறது. ஒரு வருடம் கழித்து வந்த அறிவிப்பு.

அமெரிக்கர் வராவிட்டால் டச்சுக்காரர் வருவார் என்று இங்கே பலரும் ஆறுதல் சொல்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் அந்த ஆறுதல் நிற்கவில்லை. தீவின் நாணயமான அண்டிலியன் கில்டர் டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலருக்கு 1.79. பயணப் பொதிகளின் விலையே டாலரில்தான் இருக்கிறது. ஜூலையில் ஒரு யூரோவுக்கு 1.60 டாலர் அளவுக்குக் கிடைத்தது, அப்போது 1,000 டாலர் பொதிக்கு 625 யூரோ. கடந்த வாரங்களில் யூரோ 1.25 பக்கம் இறங்கியது. அந்த விலையில் அதே பொதிக்கு 800 யூரோ. நாம் ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை, ஆம்ஸ்டர்டாமில் இருப்பவருக்கு 28 விழுக்காடு ஏறிவிட்டது.

ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு மட்டும் யூரோவில் விலை சொல்லி மூன்று மாதத்துக்கு மாற்றாமல் வைத்திருக்கலாம். நாணய மாற்றத்தின் இழப்பு நம் தலையில் விழும் என்பது உண்மை. அறை காலியாகக் கிடப்பதைவிட அது சிறிய இழப்பு.

ஜனவரி 17, 2009, சனி

ஹூஸ்டன், அட்லாண்டா, நியூவார்க் விமானங்கள் பெரும்பாலும் வாரக்கடைசியை ஒட்டி வருகின்றன. தீவின் வாரமே சனியில் முடிந்து சனியில் தொடங்குகிறது. இருக்கை நிரம்பாவிட்டால் விமான நிறுவனம் கட்டணத்தை இறக்கும், அதற்கும் நிரம்பாவிட்டால் அந்தப் பயணத்தையே அட்டவணையிலிருந்து எடுத்துவிடும். காலியான அறை தீவிலேயேதான் இருக்கும், ஆள் வந்தால் நாளையே திறக்கலாம். போன விமானத்தைத் திரும்ப வரவழைக்க மாதக்கணக்கில் பேச வேண்டும், பல தீவுகள் குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. விளம்பரக் காசு குறைவாக இருக்கும்போது அதை எல்லா ஊருக்கும் தெளிக்காமல், நேரடி விமானம் கிளம்பும் ஊர்களின் டைவ் கடைகளுக்கு மட்டும் செலவிடுவதே சரி.

பிப்ரவரி 8, 2009, ஞாயிறு

துறைமுகத்தில் சொகுசுக் கப்பல். தெரு நிறைந்திருப்பதால் வியாபாரம் நடப்பதுபோலத் தோன்றும். கப்பலில் வருபவர் கப்பலிலேயே தூங்கி, பெரும்பாலும் கப்பலிலேயே சாப்பிடுகிறார். கைவினைக் கடைக்கும் டாக்சிக்கும் இது நல்ல நாள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரம் தங்கி வண்டி வாடகைக்கு எடுத்து, நாளுக்கு மூன்று டேங்க் காலி செய்து, இரவு உணவுக்கு ஊருக்குள் வரும் டைவரின் இடத்தை இவர்களால் நிரப்ப முடியாது.

மார்ச் 10, 2009, செவ்வாய்

நேற்று நியூயார்க் பங்குச் சந்தை பன்னிரண்டு வருடத்தில் இல்லாத அளவுக்கு இறங்கியது. இங்கே எல்லார் வாயிலும் தள்ளுபடிப் பேச்சு.

உதாரணக் கணக்கு ஒன்று. அறை, டேங்கில் அளவில்லாமல் நிரப்பித் தரும் காற்று, பிக்-அப் வண்டி சேர்ந்த ஏழு இரவுப் பொதி 1,000 டாலர். விருந்தினர் வந்தால் மட்டும் ஆகும் செலவு (சலவை, மின்சாரம், தண்ணீர், டேங்க் நிரப்புவது, முகவர் கமிஷன்) 400. மீதி 600-ல்தான் சம்பளமும் கடன் தவணையும் போக வேண்டும். 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் விலை 800. கமிஷன் கொஞ்சம் குறையும், அதை விட்டுவிடுவோம். மீதி 400. பழைய 600-ஐ எட்ட ஒன்றரை மடங்கு ஆள் வர வேண்டும். விமான இருக்கையே குறையும் வருடத்தில் ஒன்றரை மடங்கு ஆள் எங்கிருந்து வருவார்கள்?

அதே 1,000 டாலருக்கு எட்டாவது இரவை இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். கமிஷன் கூடாது, கூடுவது ஒரு நாள் மின்சாரம், தண்ணீர், சலவை, மூன்று டேங்க். ஐம்பது டாலருக்குள் அடங்கிவிடும். பதிவேட்டில் விலை 1,000 என்றே நிற்கும். அடிமாட்டு விலைக்கு ஒருமுறை விற்றுவிட்டால் அடுத்த வருடமும் அதே விலையைத்தான் கேட்பார்கள், முகவர்களின் கணினியிலும் அதுதான் பதிந்திருக்கும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய டைவிங் காற்று) இலவசம், ஒரு படகு டைவ் இலவசம் என்பதெல்லாம் இதே வழிதான். சும்மா நிற்கும் படகுக்கும் டேங்கில் காற்று நிரப்பும் கம்ப்ரசருக்கும் வேலை கொடுக்கிறோம், பெறுபவருக்கு அதன் மதிப்பு அதிகம்.

மே 14, 2009, வியாழன்

ஆள் குறைந்தால் இயந்திரத் தேய்மானம் குறையும் என்று நினைத்துப் பராமரிப்பைத் தள்ளிப்போடுவதுதான் இந்த மந்தத்தின் மிக ஆபத்தான சிக்கனம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

கம்ப்ரசர் ஓடாமல் நிற்கும்போதுதான் அதிகம் கெடும். காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரியும். ஓடும்போது வடிகால் வால்வு வழியாக வெளியே போகும் அந்தத் தண்ணீர், நின்றுவிட்டால் சிலிண்டரிலும் குழாயிலும் தங்கித் துரு ஏற்றும், எண்ணெயோடு கலந்து பால்போலக் குழம்பும். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் அழுத்தத்தோடு ஓட்டி நன்றாகச் சூடேற்ற வேண்டும். நிறுத்துமுன் எல்லா வடிகால்களையும் திறந்து வடிக்க வேண்டும்.

வடிகட்டிக் குழலை மணிக்கணக்கு வைத்து மாற்றுகிறோம். மீட்டர் மெதுவாக ஏறுகிறது என்பதற்காக அதை ஒன்றரை வருடம் விட்டுவைக்க முடியாது. உள்ளே இருக்கும் ஈர உறிஞ்சி இந்தக் காற்றின் ஈரத்தில் தானாகவே நிறைந்துவிடும். ஈரம் நிறைந்த பிறகு கார்பன் மோனாக்சைடை மாற்றும் வினையூக்கியும் வேலை செய்யாது. காற்று உறிஞ்சும் குழாயின் வாய்ப்பக்கம் யாராவது வண்டியை ஓடவிட்டு நிறுத்தினால் அந்தப் புகை டேங்குக்குள் போகும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு, விஷமும் நான்கு மடங்கு வேலை செய்யும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காற்று மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவில் கை வைக்கவே கூடாது. மோனாக்சைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கீழே இருக்க வேண்டும்.

டேங்குகளை முழுக்கக் காலியாக வைக்காதீர்கள். உள்ளே கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் ஈரக்காற்று நுழையாது. டேங்க் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவிதான் ரெகுலேட்டர். வாடகை ரெகுலேட்டரின் முதல் நிலையில் இடைநிலை அழுத்தத்தைக் கேஜ் போட்டுப் பாருங்கள். ஒன்பது, பத்து பார் (அழுத்த அலகு) அளவுக்குள் வந்து நிற்க வேண்டும். முள் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் வால்வை மூடும் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். அது ஆழத்தில் காற்றைக் கொட்டத் தொடங்கும். சர்வீஸ் கிட் வாங்கப் பணம் இல்லையா, அந்த ரெகுலேட்டரை ஆணியில் மாட்டிவிடுங்கள். இருபது செட்டுக்குப் பதில் நல்ல நிலையில் பன்னிரண்டு செட் போதும். ஆட்களே குறைவுதானே வருகிறார்கள்.

ஜூலை 5, 2009, ஞாயிறு

கடல் பூங்கா 1979-ல் உருவானது. தீவைச் சுற்றிக் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை எல்லாம் பூங்காதான். டைவருக்கு 1992-ல் 10 டாலர் கட்டணம் வந்தது, 2005 முதல் ஒரு காலண்டர் வருடத்துக்கு 25 டாலர். அடையாள வில்லையை ஜாக்கெட்டில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்குகிறோமே, அந்தக் காசில்தான் ரோந்துப் படகும் காவலர்களும் மிதவைகளும் நடக்கின்றன. ஆயிரம் டைவர் குறைந்தால் 25,000 டாலர் போய்விடும். அறை காலியானால் முதலாளிக்கு உடனே தெரியும். பூங்காவின் பையில் விழும் ஓட்டை ஒரு வருடம் கழித்துக் கயிற்றில்தான் தெரியும்.

நங்கூரம் போடத் தடை இருப்பதால் எல்லாப் படகும் மிதவைக் கயிற்றை நம்பித்தான் நிற்கிறது. வெயில் படும் மேல்பகுதியைக் கையால் உருவிப் பாருங்கள், பழைய கயிறு முள்முள்ளாகக் குத்தும். கீழே, கயிறு இரும்பு வளையத்தில் உரசும் இடத்தில் குழாய் உறை இருக்க வேண்டும். உறை கிழிந்தால் அங்கேதான் அறும். இணைப்பு வளையத்தின் கம்பியில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று துத்தநாகம் பூசிய இரும்போடு துருப்பிடிக்காத எஃகைச் சேர்க்காதீர்கள், உப்புநீரில் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். கயிற்றில் வளரும் பாசியையும் கடற்பஞ்சையும் சுரண்டாமல் விட்டால் மிதவை பாரம் தாங்காமல் அமிழும், படகோட்டிக்குக் கண்ணில் படாது.

கட்டணத்தை நிறுத்திவைத்தால் ஆள் வருவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு வாரத்துக்கு ஆயிரத்துக்கு மேல் செலவு செய்து வருபவர் 25 டாலருக்காகப் பயணத்தை விடமாட்டார்.

அக்டோபர் 30, 2009, வெள்ளி

திங்கட்கிழமை, 26-ந் தேதி, பொனேரில் முதல் சிங்கமீன் கண்ணில் பட்டது. மன்னார் வளைகுடாவிலும் இந்தியப் பெருங்கடல் முழுவதும் அது தன் இடத்தில் இருக்கும் மீன். கரீபியனில் அதைத் தின்னப் பழகிய விலங்கு இல்லை, குட்டி மீன்களை அது அள்ளி விழுங்குகிறது.

இங்கேதான் மந்தம் நேராகப் பவளத்தில் கை வைக்கிறது. சிங்கமீன் பகலில் பாறை இடுக்கில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும், கண்டுபிடிக்கக் கண்கள் வேண்டும். ஒரு நாளில் நீருக்குள் இறங்கும் ஒவ்வொரு டைவரும் ஒரு காவல் கண். ஈட்டிமீன்பிடிப்பு 1971 முதல் தடை என்பதால் பார்த்தவர் குத்த முடியாது. பளிச்சென்ற நாடா கட்டிய தக்கையை அந்த இடத்தில் கட்டிவைத்து, ஆழத்தையும் இடத்தின் பெயரையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சி பெற்றவர் வலையோடு வருவார். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி நேரமாவது கையை முக்கிவைக்க வேண்டும். விஷம் புரதம், சூட்டில் சிதையும்.

விருந்தினர் இல்லாத நாளில் வழிகாட்டிகளைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பாமல், யாரும் போகாத தெற்கு, வடக்கு இடங்களில் தேடலுக்கு அனுப்பலாம். கம்ப்ரசர் எப்படியும் ஓட வேண்டும், டேங்க் சும்மா கிடக்கிறது.

டிசம்பர் 12, 2010, ஞாயிறு

அக்டோபர் 10-ல், பொனேரும் சேர்ந்திருந்த தீவுக் கூட்டாட்சியான நெதர்லாந்து அண்டிலிஸ் கலைந்தது. பொனேர் இப்போது நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஜனவரி 1 முதல் டாலரே நாணயம், கில்டர் கணக்குகள் 1.79-க்கு மாறும். உணவகங்கள் 17.90 கில்டரை 10 டாலர் என்று எழுதாமல் 12 என்று முழுமையாக்கினால் விருந்தினருக்கு உடனே உறைக்கும். இரண்டு விலையையும் அட்டையில் சில மாதம் சேர்த்தே போடுங்கள்.

இந்த இலையுதிர் காலத்தில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்திருக்கிறது. வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, நீர் ஆறினால் பல திரும்ப நிறம் பிடிக்கும். முகவர்களுக்கு இதை மறைக்காமல், படத்தோடு அனுப்ப வேண்டும்.

மந்தத்துக்குப் பின் திரும்பும் பதிவுகள் பழையபடி ஆறு மாதம் முன்னால் வருவதில்லை. மூன்று வாரம் முன்னால் வருகின்றன. டேங்க் தயாராக இருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, டைவ் தொழிலின் வழக்கப்படி வருடம் ஒருமுறை உள்பார்வை. இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டவை எல்லாம் இப்போது ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும். தோள்பட்டை முத்திரையைப் படித்துப் பிரித்து வையுங்கள். 2005 என்று அடித்தவை முதலில் போகட்டும், வால்வு திருகில் உப்பு பூத்தவை அதற்கும் முன்னால்.