துறைமுகத்துக்குத் தெற்கே மணல், வடக்கே பாறை: மாணவர்களோடு ஒரு கடற்கரைக் களப்பணி

மேல்நிலை வகுப்பு மாணவர்களைக் களப்பணிக்கு அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எந்த இடத்துக்குப் போகலாம்?’ என்பதைத்தான். ‘எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?’ என்று நான் திருப்பிக் கேட்பேன். அளந்து விடை காணக்கூடிய ஒரு கேள்வி கையில் இல்லாமல் பஸ் ஏறினால், மாலையில் பிள்ளைகளிடம் புகைப்படங்கள் இருக்கும். எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. ‘கடற்கரையை ஆய்வு செய்தல்’ என்பது தலைப்புதான், கேள்வி அல்ல.

சென்னைப் பள்ளிகளுக்கு நான் எப்போதும் சொல்லும் கேள்வி இது: துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாவில் இவ்வளவு மணல் இருக்க, வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஏன் கருங்கல் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியிருக்கிறது? விடையின் சுருக்கம் பாடப்புத்தக அறிவுதான். இந்தக் கரையை ஒட்டி ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் கட்டத் தொடங்கி, 1881 புயலில் சேதமடைந்து, மீண்டும் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள் அந்த மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவு குறைந்து கரை தேய்ந்தது. இதை மனப்பாடம் செய்து எழுதும் மாணவரையும், தன் கையால் நாடா பிடித்து அளந்து எழுதும் மாணவரையும் ஒரே பக்கத்தில் அடையாளம் கண்டுவிடலாம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் தேவை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும். வாடை வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் தெற்கே திரும்பும். ஜனவரியில் போகும் வகுப்பு, நீரோட்டத்தை அறிய எறியும் மிதவை தெற்கே நகர்வதைப் பார்த்துப் புத்தகம் தவறு என்றே முடிவு கட்டக்கூடும். ஆண்டுக் கணக்கில் எந்தப் பக்கம் மிச்சம் என்பதே முக்கியம் என்பதை முன்கூட்டியே விளக்கிவிட்டால், அந்த ஜனவரி அளவீடு அருமையான சான்றாகிவிடும். ஜூலையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என இரண்டு முறை போக முடிந்தால் மிக நல்லது.

அளக்கும் முறைகளைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கிவிடுங்கள். கடற்கரையில் போய்க் கற்றுக்கொடுத்தால் பாதி நேரம் அதிலேயே கரையும். சரிவை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு கம்புகள், சென்டிமீட்டர் கோடுகள் போட்டு. இடையில் இரண்டு மீட்டர் கயிறு. ஒருவர் கரைப்பக்கக் கம்போடும் இன்னொருவர் கடல்பக்கக் கம்போடும் நிற்க வேண்டும். கரைப்பக்கம் நிற்பவர் கடல்பக்கக் கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கோடு தன் கம்பை உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறதோ, அதுதான் அந்த இரண்டு மீட்டரில் தரை இறங்கிய அளவு. தரை ஏறினால் கணக்கு தலைகீழாகும்: தன் கம்பின் உச்சியைத் தொடுவானத்தோடு சேர்த்துப் பார்த்து, எதிர்க்கம்பில் படிக்க வேண்டும். தொடுவானமே மட்டப் பலகையாக வேலை செய்யும் இந்த எளிமை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நம் கரை கிழக்கு நோக்கியது என்பதால் காலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். சரிவளவை மூன்று மணிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் வெயில் முதுகுப்பக்கம் வந்துவிடும்.

மெரினாவின் முழு அகலத்துக்கும் இப்படிக் கம்பு நட்டுக்கொண்டே போக வேண்டாம். சில இடங்களில் அகலம் 300 மீட்டரைத் தாண்டும், பொழுது போதாது. நீர்விளிம்பையொட்டிய கடைசி முப்பது, நாற்பது மீட்டருக்கு மட்டும் சரிவு போதும். முழு அகலத்தைக் கைப்பேசியின் இருப்பிடக் காட்டியால் எடுக்கலாம். ஐந்து மீட்டர் பிழை வந்தாலும் 300 மீட்டரில் அது சிறியது. ஆனால் திருவொற்றியூரில் இருபது மீட்டர் மணல்தான் இருக்கிறது என்றால் அதே ஐந்து மீட்டர் கால்வாசி. அங்கே நாடாதான். எந்தக் கருவி எங்கே பொருந்தும் என்று மாணவர்களையே விவாதிக்க விடுங்கள். களப்பணியில் எனக்கு மிகப் பிடித்த அரை மணி நேரம் அந்த விவாதம்தான்.

ஓதத்தை, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை, மறக்கக்கூடாது. சென்னையில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறி இறங்கும். பத்துக்கு ஒன்று சரிவுள்ள கரையில் இது நீர்விளிம்பைப் பத்து மீட்டர் நகர்த்திவிடும். மெரினாவை வற்றுநேரத்திலும் வடக்கை ஏற்றநேரத்திலும் அளந்து ஒப்பிட்டால், அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி கடிகாரம் செய்தது. ஆகவே நீர்விளிம்பு வரை அளக்காமல், கடைசி ஏற்றத்தில் அலை ஒதுக்கிய குப்பைக் கோடு வரை அளப்பது நல்லது. எப்படி அளந்தாலும் தாளில் நேரம் இருக்க வேண்டும்.

வடக்கே போனதும் தூண்டில் வளைவுகளைத் தேடிப் போங்கள். கடலுக்குள் நீளும் அந்தக் கற்சுவர் ஒவ்வொன்றும் துறைமுகத்தின் சிறு மாதிரி. ஒரே வளைவின் தென்பக்கத்திலும் வடபக்கத்திலும் மணல் அகலத்தை அளந்தால், எந்தப் பக்கம் சேர்கிறது என்பது எண்ணாகத் தெரிந்துவிடும். கல் கொட்டிய சில இடங்களில் அளக்க மணலே இருக்காது. அங்கே பிள்ளைகள் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலி என்றால் அளக்கவில்லை என்று பொருள். அகலம் பூஜ்ஜியம் என்றால் 0 என்று எழுத வேண்டும். நாள் முழுவதும் சேர்த்த விவரங்களில் மிக வலுவான சான்று அந்த 0-தான்.

நீரோட்டத்துக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் போதும். பெரும்பகுதி நீரில் மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. கடலோடு போய்விட்டாலும் கேடில்லை. ஐந்து நிமிடத்தில் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கரையில் நடந்தபடியே குறிக்க வேண்டும். எறிவது ஆசிரியர் மட்டும். எந்த மாணவரும் கணுக்கால் ஆழத்துக்குக்கூட நீரில் இறங்கக்கூடாது. மெரினாவின் அலைகள் எத்தனையோ இளைஞர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. இந்த ஒரு விதியில் எனக்குச் சிறு தளர்வும் கிடையாது.

தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல், முதலுதவிப் பெட்டி ஆகியவை எல்லோரும் அறிந்தவை. விடுபடுவது கழிப்பறை. வடக்குக் கரையில் மாணவிகள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்னோட்டமாக நீங்கள் போகும்போதே பார்த்துவையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பார்கள்.

மீனவர்களிடம் பேசுவதற்கும் தயாரிப்பு வேண்டும். ‘கடல் அரிப்பு ஏற்படுகிறதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘ஐயா, நீங்கள் சிறுவயதில் வலை உலர்த்திய இடம் எது? இப்போது அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். கையை நீட்டிக் கடலுக்குள் ஓர் இடத்தைக் காட்டுபவர்கள் உண்டு. அந்த இடத்தைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் தேடிப் பார்ப்பது மறுநாள் வகுப்புக்கு நல்ல வேலை. வலை பின்னிக்கொண்டிருப்பவரை எட்டுப் பேர் சூழ்ந்துகொள்ளக்கூடாது, இருவர் போதும். பேசியவரின் பெயரை அறிக்கையில் எழுத வேண்டாம். ‘ஏறத்தாழ அறுபது வயது மீனவர்’ என்பது போதுமானது.

அறிக்கையில் சரிவு வரைபடத்துக்குக் கிடை அளவும் செங்குத்து அளவும் வேறாக இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் மென்சரிவு மலைபோல் தோன்றும். பொருந்தாத அளவுகளை அழிக்கச் சொல்லாதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று மாணவர் எழுதும் இரண்டு வரிகளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். தேர்வில் கேட்டாலும் அவர் தயங்காமல் விளக்குவார்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வோர் அளவைக் கோடும் தொடங்கிய இடத்தை அசையாத ஒன்றோடு, அதாவது சிலைப் பீடம், விளக்குக் கம்ப எண், சுவர் முனை போன்றவற்றோடு சேர்த்துப் படமெடுத்து, திசையையும் தூரத்தையும் எழுதிப் பள்ளிக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே புள்ளியிலிருந்து அளந்தால், உங்கள் பள்ளியிடமே அந்தக் கரையின் இரண்டு ஆண்டுக் கணக்கு இருக்கும்.