நிலா கணக்குல பாதி எங்க போச்சு?

நியூட்டனோட ஈர்ப்பு விதியில கோளாறு இருக்குன்னு 1747 நவம்பர்ல பாரிஸ் அகாடமில ஒருத்தர் சொன்னாரு. வம்புக்கு பேசுற ஆள் இல்ல, பிரெஞ்சு கணித மேதை அலெக்ஸி கிளேரோ, பூமி துருவத்துல தட்டைன்னு நியூட்டன் சொன்னது சரியான்னு பாக்க லாப்லாந்து வரைக்கும் போய் அளந்த குரூப்ல இருந்தவரு.

விஷயம் இதான். நிலா பூமிக்கு ரொம்ப கிட்ட வர்ற புள்ளி ஒரே இடத்துல நிக்காது, சுத்துக்கு சுமார் 3 டிகிரி நகரும், 9 வருஷத்துக்குள்ள முழு வட்டமும் வந்துடும். சூரியன் இழுக்குறதுதான் காரணம்னு கணக்கு போட்டா ஒன்றரை டிகிரிதான் வருது, கிட்டத்தட்ட பாதி! நியூட்டன் இந்த விதிய எழுதின பிரின்சிபியா புத்தகத்துலயே இந்த பாதி இருக்கு, பின்னாடி வந்த பதிப்புல நிலாவோடது ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகம்னு ஒரு வரிய சேர்த்துட்டு மனுஷன் நகர்ந்துட்டாரு.

அதே மனுஷன் இன்னொரு எடத்துல தலைகீழா யோசிக்கிறாரு பாருங்க, இந்த 3 டிகிரி முழுசும் விதியால வந்ததுன்னு வச்சுக்கிட்டா விதியில தூரத்துக்கு இருக்குற அடுக்கு (இழுப்பு தூரத்தோட வர்க்கத்துக்கு எதிர்விகிதம்ங்கறதால அது 2) 2 4/243 ஆகணும், இது 2க்கு அவ்ளோ பக்கம், மிச்சம் சூரியன் வேலை, ஆக 2ன்னே வச்சுக்கலாம்னு. தோராயத்த கையில வச்சுக்கிட்டு இவ்ளோ தைரியமா முடிவுக்கு போறது எனக்கு ரொம்ப பிடிக்கும்.

கிளேரோ லாஜிக் நேரடி. விதி சரின்னா 3 வரணும், வரல, அப்போ விதி சரியில்ல. அதே காலத்து கணித மேதைகள் ஆய்லர், தலம்பேர் போட்ட கணக்குலயும் பாதிதான். அதனால தூரத்தோட நாலாம் அடுக்குக்கு எதிர்விகிதமா ஒரு உறுப்ப விதியில சேர்க்கலாம்னாரு. இயற்கையோட விதின்னா ஒத்த உறுப்போட எளிமையா இருக்கணும்னு இயற்கை ஆய்வாளர் புஃபோன் சண்டைக்கு வந்தாரு. கடைசில ஜெயிச்சது புஃபோன் பக்கம்தான், ஆனா என்னை கேட்டா அது குருட்டு அதிர்ஷ்டம், அந்த வாதத்துல கணக்கே இல்ல.

ஓட்டை இருந்தது வேற எடத்துல. "சின்னத விட்டுடலாம்"னு ஒரு அனுமானம் சத்தமில்லாம நடுவுல உக்காந்திருந்துச்சு. இப்ப எழுதுற வடிவத்துல சொன்னா, சின்ன எண்ணுங்கறது மாசத்துக்கும் வருஷத்துக்கும் உள்ள விகிதம், சுமார் 1/13. அதோட வர்க்கத்த எடுத்துக்கிட்டு கனத்த விட்டுட்டா என்ன ஆகப்போகுதுன்னு தோணும், ஆனா வர்க்கத்துக்கு முன்னாடி நிக்கிறது வெறும் 3/4, கனத்துக்கு முன்னாடி 225/32, அதாவது ஏழு! விட்டது எடுத்துக்கிட்டதுல சுமார் 70 சதவீதம் வருது. ஒன்றரையோட இன்னொரு டிகிரி சேருது, மீதியும் அதுக்கு அடுத்தடுத்த உறுப்புகள்ல இருக்கு.

கிளேரோ தோராயத்த அடுத்த படிக்கு கொண்டு போனாரு, கணக்கு பொருந்துச்சு, 1749 மே மாசம் சொன்னத வாபஸ் வாங்கிட்டாரு. பத்து வருஷம் கழிச்சு ஹாலி வால்நட்சத்திரம் எப்ப வரும்னு கணக்கு போட்டப்போ ஏப்ரல் நடுவுலன்னு சொல்லி, ஒரு மாசம் முன்னப்பின்ன ஆகலாம்னும் சேர்த்தே சொன்னாரு. சூரியனுக்கு ரொம்ப கிட்ட அது வந்தது 1759 மார்ச் 13.